கண்ணாடி வீட்டுத் திராட்சை

போன வாரம் மத்தியாஸ் அப்புவை மாதா கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தோம். "உம்ம மருமகள் சுகமா?" என்று சாமியார் கேட்டார். "எனக்கு மருமகளே இல்லீங்க சாமி" என்று மனுஷர் வாய் கூசாமல் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று வாசகிகள் பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே எண்ணந்தான். ஆனால் நாம் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமையே எல்லாம் செய்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் மத்தியாஸ் இருபது வருடமாக அப்பு. சமையல், மேசை, சலவை, ஹார்வி துரையின் சளி இருமல் எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி மரியநாயகி பங்களாவின் வெளிப்புறத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஒரே மகன் லியனார்ட் ஹட்டனில் லொறி ஓட்டுகிறான், சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருவான்.

தை மாதம் அந்த லியனார்ட் இறம்பொடைப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் வைத்து நாகலெட்சுமி என்ற பெண்ணுக்குத் தாலி கட்டி, நேரே தோட்டத்து லயத்துக்கு, அப்பாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அழைத்துவந்துவிட்டான். மாதா கோயிலில் முதல் வாங்குப் பலகையில் உட்காருகிற மத்தியாஸுக்கு அது பொறுக்கவில்லை. வந்தவளை அவர் துரத்தவில்லை. துரத்தியிருந்தாலாவது நாலு பேர் நியாயம் கேட்டிருப்பார்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டார். மருமகளிடம் எதைச் சொல்வதானாலும் "அவகிட்ட சொல்லு" என்று மரியநாயகியிடம் சொல்வார். மூவரும் அடுப்பைச் சுற்றி ஒரே காம்பராவில் குந்தியிருந்தாலும் அப்படித்தான். இப்போது பங்குனி. மரியநாயகிக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

இனி புதன்கிழமைக்குப் போவோம்.

விடியும்போதே ஹார்வி துரை குசினிக்குள் வந்துவிட்டார். துரைமார் குசினிக்குள் வருவது நல்ல சகுனமில்லை என்று மத்தியாஸுக்குத் தெரியும். துரையின் இரண்டு கையிலும் இரண்டு போத்தல்கள் இருந்தன.

"அப்பு, இது என்ன?"

"இது மீனோட குடிக்கிறது துரை. அது புடிங்கோட."

"பழம்?"

"ரெண்டும் ஒரே பழம் துரை. நம்ம கண்ணாடி வீட்டுல இருக்கிற அதே சாதி."

துரை தலையாட்டினார். பாடம் ஒப்பித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

இந்தப் பாடம் மத்தியாஸுக்கு லேசில் ஏறவில்லை. சில வருடங்களுக்கு முன், துரை இரண்டு கிளாசில் மிச்சம் வைத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று பல்லைக் கூச வைத்தது. இனிப்பு என்ற பேச்சே இல்லை. மற்றது தேன். இரண்டும் ஒரே திராட்சையில் செய்தது என்று துரை சொன்னபோது, வெள்ளைக்காரன் நம்மை வைத்து விளையாடுகிறான் என்றுதான் மத்தியாஸ் நினைத்தார். பூசைத் திராட்சை ரசத்தைத் தவிர வேறு ரசம் அறியாத மனுஷருக்கு அப்படித்தானே தோன்றும்?

அந்தத் திராட்சையின் பெயர் ஸ்டீன். பிரெஞ்சுக்காரர்களிடம் அதற்கு வேறு பெயர் இருக்கும் என்று துரை சந்தேகப்படுகிறார். உலக யுத்தம் முடிந்து கப்பலில் வந்தபோது, தென்னாபிரிக்காவின் கேப் துறைமுகத்தில் இறங்கி ஒரு கொடித் துண்டு வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். மழைக்கும் பனிக்கும் தாங்காது என்று பங்களாவுக்குப் பக்கத்தில் கண்ணாடி வீடு கட்டி அதற்குள் வைத்தார். பல வருடம் இலை மட்டும் விட்டது. மலையில் குளிரும் போதவில்லை, வெயிலும் போதவில்லை. கொடிக்குத் தூங்குவதா முழிப்பதா என்றே தெரியவில்லை. கடைசியில் போன வருடம் துரையே ஏணி போட்டு ஏறி, இலையையெல்லாம் உருவி, கொடியைக் கட்டை கட்டையாக வெட்டிவிட்டார். மொத்தத் தோட்டமும் துரைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசியது. அந்தக் கட்டை தளிர்த்து, பூத்து, இந்தப் பங்குனியில் முதல் தடவையாகக் குலை குலையாகத் தொங்கியது. முதலில் வெறும் பச்சை, பிறகு மஞ்சள், பழுக்கப் பழுக்கப் பொன் நிறம்.

"கெட்டிக்காரப் பழம், அப்பு," என்பார் துரை. "சீக்கிரம் பறிச்சா புளிப்பு ரசம். விட்டுப் பறிச்சா தேன். நுரைக்கிற ரசமும் செய்யலாம், பிராந்தியும் காய்ச்சலாம். உன்னை மாதிரி. சூப்பும் வைக்கும், சட்டையும் அயர்ன் பண்ணும்."

இந்தப் புதன்கிழமை துரைக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருக்கிற காலம். ஹார்வி துரை மாசக் கடைசியில் போகிறார். அவர் இடத்துக்கு வரப்போகிற விஜேகோன் துரையும் அவருடைய நோனாவும் அன்று பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். நோனாவுக்குப் பூக்களில் பைத்தியமாம். கண்ணாடி வீட்டைப் பார்த்தால் கொடியைப் பிடுங்கிவிட்டு ஓர்க்கிட் வைப்பார் என்று யாரோ துரையின் காதில் போட்டுவிட்டார்கள்.

"மீனோட இந்தப் போத்தல். புடிங்கோட அந்தப் போத்தல். ரெண்டுக்கும் நடுவில, மேசையில, குலை," என்றார் துரை. "மூணும் ஒரே பழம்னு அவங்க கண்ணால பார்க்கணும். பார்த்தா பிடுங்க மாட்டாங்க. இதான் கடைசிப் போத்தல் அப்பு. வெளிநாட்டுச் சாமான் வர்றதை நிறுத்திட்டாங்க. இனிக் கிடைக்காது."

"சரிங்க துரை. குலை பாத்துக்கிறேன்."

மத்தியாஸுக்கும் அந்த மேசை பெரிய காரியந்தான். எந்த வேலைக்காரரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பது இனி விஜேகோன் துரை கையில். வயது ஏறிவிட்ட அப்புவுக்கு இன்னொரு பங்களா எங்கே கிடைக்கும்?

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரன் மாயாண்டிக்குக் காய்ச்சல். கண்ணாடி வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மத்தியாஸ் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்குச் சொல்லியனுப்பினார். கணக்கப்பிள்ளைக்குத் தோட்டத்தில் நடக்கிற சங்கதி எல்லாம் தெரியும், சந்தர்ப்பத்தை விடுவாரா? வந்ததுமே கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தவள், கை வேகமானவள் என்று சொல்லி, நாகலெட்சுமியையே அனுப்பிவைத்தார்.

முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, பங்களாவின் பின்வாசலில் அவள் வந்து நின்றதைப் பார்த்து மத்தியாஸுக்குச் சப்பென்றாகிவிட்டது. திருப்பி அனுப்ப நேரமில்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மரியநாயகியைக் கூப்பிட்டார்.

"அவகிட்ட சொல்லு. பழுத்தத மட்டுந்தான் பறிக்கணும். காய் ஒண்ணுகூட வரக் கூடாது. மெதுவா, நசுங்காமப் பறிக்கணும்னு சொல்லு."

நாகலெட்சுமி நாலு அடி தள்ளித்தான் நின்றாள். காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் மரியநாயகி முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் அந்த வீட்டுச் சட்டம்.

மத்தியாஸ் கண்ணாடி வீட்டுக்குள் போய், ரோசாவுக்கு வைத்திருக்கிற கத்தரியையும், புல் விரித்த பெரிய வெள்ளித் தட்டத்தையும் பலகை மேல் வைத்தார். நாகலெட்சுமி அங்கேயே நின்றாள். கத்தரியைக் காட்டி "குலையோட வெட்டி இதுல அடுக்கும்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் அவளைப் பார்க்காமல், பக்கவாட்டில் நழுவி வெளியே போய்விட்டார்.

இங்கே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீன் எல்லாக் காரியத்துக்கும் உதவுகிற பழந்தான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. ஒரே குலையில் ஒன்று பொன்னாகப் பழுத்திருக்கும், பக்கத்தில் உள்ளது கல்லுப்போலப் பச்சையாக இருக்கும்.

நாகலெட்சுமி ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தாள்.

"அத்தை, ஒரே கொத்துல பழமும் காயுமா கலந்து இருக்கே. எப்படிப் பறிக்கிறது?"

"பழுத்தத மட்டும்னுதான் சொன்னாரு. இரு, நான் போய்க் கேட்டுட்டு வாறேன்."

"வேணாம் அத்தை. கேட்டா, இதுகூடத் தெரியாம என்ன கொழுந்து பறிக்கிறாளோன்னு உங்ககிட்ட முணுமுணுப்பாரு. அத நீங்க வந்து எங்கிட்ட சொல்லாம மூடி மறைப்பீங்க. எதுக்கு?"

மரியநாயகி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு வருத்தப்பட்டாள்.

கொழுந்து பறிக்கிறவளுக்குப் பறிப்பு என்றால் ஒன்றுதான். செடியைச் சேதப்படுத்தாமல், பக்குவமானதைக் கிள்ளு, மற்றதை அடுத்த சுற்றுக்கு விடு. ஒரு முத்தின இலை கூடையில் வந்தால், நிறுவைக் களத்தில் கணக்கப்பிள்ளை கூடையைக் கவிழ்த்துப் போட்டு எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். குலையோடு வெட்டினால் காயும் வந்துவிடுமே! "காய் ஒண்ணுகூட வரக் கூடாது" என்றல்லவா உத்தரவு? தட்டமும் கத்தரியும் ரோசாச் செடிக்கு வைத்தவை என்று அவள் நினைத்தாள்.

ஆகவே நாகலெட்சுமி பழம் பழமாகப் பறித்தாள். இரண்டு கையாலும், காம்பு நோகாமல், ஒரு பச்சைக் காயைக்கூடத் தொடாமல், நிரை நிரையாகப் போனாள். படங்கைக் கூடைக்குள் மெத்தையாக விரித்துக்கொண்டாள். அவளுக்கு வேலையில் சந்தோஷம் வந்துவிட்டது. இன்றைக்காவது மாமா வாயால், அத்தையிடமாவது, "பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். பாவி மனசு, நினைத்துவிட்டது.

கண்ணாடி வீட்டு வேலை முடிந்து மாமியாரும் மருமகளும் பிசுபிசுத்த கையைக் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போன நேரத்தில் மத்தியாஸ் தட்டத்தை எடுக்க வந்தார்.

தட்டத்தில் விரித்த புல் அப்படியே இருந்தது.

அண்ணாந்து பார்த்தார். கொடியில் குலைகள் அத்தனையும் தொங்கின, எலும்பும் தோலுமாக. வெறும் காம்பு, அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிற பச்சைக் காய்கள். கூடை ஓரமாக இருந்தது. மேலே உள்ள பழங்கள் பளபளவென்றிருந்தன. கையை விட்டுப் பார்த்தார். மெல்லிய தோல், கீழே இருந்ததெல்லாம் தன் பாரத்திலேயே உடைந்து கூழாகிப் படங்கை நனைத்துவிட்டது.

"ஐயோ, என் மாதாவே," என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஹார்வி துரை.

துரை சத்தம் போடவில்லை. ஒரு குலைக் காம்பைக் கையில் பிடித்துப் பார்த்தார். விட்டார். அடுத்ததைப் பிடித்தார். அதைப் பார்த்தபோது மத்தியாஸுக்குத் திட்டே வாங்கியிருக்கலாம் போலிருந்தது.

"யார் செஞ்சது?"

மத்தியாஸ் தரையில் கையூன்றி எழுந்தார்.

"மாயாண்டியா?"

"அவனுக்குக் காய்ச்சல் துரை."

"அப்ப யார்? சரி. இப்ப அவங்க வந்திடுவாங்க. சாப்பாடு முடியட்டும். முடிஞ்ச உடனே எனக்குப் பேர் வேணும். அந்தப் பேரை இன்னைக்கே வெட்டுவேன்."

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் விளையாட்டில்லை. வேலை போகும், வேலையோடு தோட்டத்தில் குடியிருக்கிற உரிமையும் போகும். வேலையில் இருக்கிற சொந்தக்காரர் யாராவது தயவு வைத்தால்தான் அங்கே தங்கலாம். லியனார்ட் ஹட்டனில் லொறியிலேயே படுக்கிறவன். நாகலெட்சுமி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறம்பொடைக்கு, தாய் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

மத்தியாஸ் குசினிக்குத் திரும்பி நடந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தையிலிருந்து இரவு ஜெபத்தில் அவர் கேட்டது இதைத்தான். அவள் எப்படியாவது போய்விட வேண்டும், தன் கையில் பாவம் ஒட்டக் கூடாது. இப்போது ஒரு பெயரைச் சொன்னால் போதும். பொய்கூட இல்லை, உண்மையான பெயர்.

ஆனால் அந்த வேலையைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காதது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பீலியிலிருந்து வந்த பெண்கள் இரண்டு பேருக்கும் மத்தியாஸின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது.

"குலையா வெட்டியிருக்கணும் போல," என்றாள் மரியநாயகி மெல்ல, அவர் கையிலிருந்த வெறும் தட்டத்தைப் பார்த்து.

நாகலெட்சுமி வெளிறிப்போனாள். "அத்தை, மாமாகிட்ட கேளுங்க. இப்ப என்ன செய்யலாம்னு கேளுங்க. நான் எது வேணாலும் செய்யிறேன்."

துரை பேர் கேட்டிருப்பதை மனைவி காதில் மட்டும் போட்டுவிட்டு, மத்தியாஸ் சட்டைக் கையை மடித்தார். அழுவதற்கு நேரமில்லை. மீன் வந்து கிடக்கிறது.

"அவகிட்ட சொல்லு. உடைஞ்சத எல்லாம் துணியில போட்டுப் பிழியட்டும். உடையாதது தனியா. கொடியில நிக்கிற பச்சைக் காய உருவிட்டு வரட்டும், ஒரு கோப்பை போதும்."

"பச்சைக் காய் எதுக்குன்னு கேளுங்க அத்தை."

"மீனுக்கு. புளிப்புக்கு, தேசிக்காய்க்குப் பதிலா."

"தேசிக்காய்க்குப் பதிலாம்."

"கேட்டிச்சு அத்தை."

இப்படி ஒரு சமையலை ஊசிமலைப் பங்களா கண்டதில்லை. ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் மரியநாயகி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு.

பிழிந்த சாறு கலங்கலாக, வைக்கோல் நிறத்தில் கோப்பையில் நின்றது. மத்தியாஸ் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். முதலில் இனிப்பு, நல்ல இனிப்பு. சரி, புடிங்குக்கு ஆச்சு என்று நினைக்கும்போதே பின்னால் புளிப்பு வந்து நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. எவ்வளவு பழுத்தாலும் இந்தப் பழம் புளிப்பை விடாது போலிருக்கிறது. பச்சைக் காயைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மீன் போத்தலும் புடிங் போத்தலும் ஒரே பழம் என்று துரை சொன்னதை, இத்தனை வருடம் கழித்து, இன்றைக்குத்தான் அவர் முழுசாக நம்பினார்.

"அவளும் ருசி பாக்கட்டும்," என்றார் மரியநாயகியிடம். "சீனி போடணுமான்னு சொல்லட்டும்."

மரியநாயகி கணவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். நாகலெட்சுமி ருசி பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லுங்க அத்தை. சீனி போட்டா அந்தப் பின்புளிப்பு செத்துரும்."

மத்தியாஸ் சீனிப் போத்தலை மூடி வைத்தார்.

விருந்தினர் வந்தார்கள். விஜேகோன் துரை உயரமான, அளந்து பேசுகிற ஆள். நோனா சிரித்த முகம், கண்ணுக்கு எதுவும் தப்பாது. துரை ஓடையில் தூண்டில் போட்டுப் பிடித்த ட்ரவுட் மீன், வெண்ணெயும் பச்சைத் திராட்சைச் சாறும் சேர்த்து மேசைக்குப் போனது. கூடவே முதல் போத்தல். ஹார்வி துரை பேசினார், கொடியைப் பற்றி, கேப் துறைமுகத்தைப் பற்றி, ஈரச் சாக்கைப் பற்றி. குரலில் உயிர் இல்லை.

மேசையின் நடுவே தட்டத்துக்கு வைத்திருந்த இடம் காலியாகவே இருந்தது.

உடையாத பழங்களைச் சாற்றில் பதித்து உறைய வைத்த புடிங்கும் இரண்டாவது போத்தலும் வந்தன. நோனா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

"அப்பு, இதுவும் அதே பழமா?" சிங்களத்தில் கேட்டார்.

"ஆமா நோனா. மீன்ல இருந்ததும் இதுதான்," என்று மத்தியாஸும் சிங்களத்திலேயே சொன்னார்.

"குலையைக் காட்டுவதாக இவர் சொன்னாரே, எங்கே?"

ஹார்வி துரை துவாயை மேசையில் வைத்தார். "நானும் அதைத்தான் கேக்கிறேன். அப்பு, சாப்பாடு முடிஞ்சிட்டுது. பேர்?"

குசினிக் கதவுக்குப் பின்னால் மரியநாயகி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நாகலெட்சுமியை அவள் ஏற்கெனவே லயத்துக்கு அனுப்பிவிட்டிருந்தாள், இந்தக் கேள்வி அவள் காதில் விழ வேண்டாமென்று.

"பறிச்சது என் மருமக, துரை."

'என் மருமக'. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில் மத்தியாஸுக்கே ஒரு நிமிஷம் தடுமாறிப்போனது.

"பேர் என்ன?"

"நாகலெட்சுமி. ஆனா வெட்டுறதா இருந்தா என் பேர வெட்டுங்க துரை. தட்டமும் கத்தரியும் வெச்சவன் நான். குலையோட வெட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லல. அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி அவ பறிச்சா."

"ஏன் சொல்லல்ல?"

"அவகூட நான் பேசுறதில்ல துரை. தையிலேருந்து."

விஜேகோன் துரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஒரே வீட்டிலா இருக்கீங்க?"

"ஒரே காம்பராவில துரை."

நோனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியாஸின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். இருபது வருடம் அந்த மேசைக்குப் பரிமாறியவர், வீட்டு அசிங்கத்தை அதே மேசையில் கொட்டிவிட்டு, கையில் கரண்டியோடு நின்றார். வெட்கம் அவரைத் தின்றது.

ஹார்வி துரை மேசை நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்தார். அவருக்கும் இருபது வருடப் பழக்கம். ஆனால் புதுத் துரைக்கு முன்னால் விட்ட வார்த்தையைத் திருப்பி எடுக்கத் துரைமாருக்குத் தெரியாது.

"சரி. உன் பேர்தான். மாசக் கடைசி வரைக்கும், நான் போற வரைக்கும் சமை. அதோட முடிஞ்சது."

"சரிங்க துரை. கோப்பி கொண்டு வரவா?"

கோப்பியையும் கொடுத்தார். சிந்தாமல் கொடுத்தார்.

கார் புறப்படும்போது விஜேகோன் துரை மட்டும் பின்வாசல் பக்கம் வந்தார். சிங்களம் கலந்த தமிழில், யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"நாளைக்குக் காலைல நானுஓயாவுக்கு வா. ஸ்டேசனுக்கு மேல நாங்க தங்கியிருக்கிற வீடு. மருமகளையும் கூட்டிட்டு வா. எனக்கு அவகிட்டத்தான் கேக்க வேண்டியிருக்கு. உங்கிட்ட இல்ல."

கண்ணாடி வீட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நோனா காரிலிருந்து கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே போனார்.

மத்தியாஸ் லயத்துக்கு இறங்கி வந்தபோது மலைக்கு மேல் இன்னும் வெயில் இருந்தது. மரியநாயகி முன்னால் வந்து சேர்ந்துவிட்டாள். ஆனால் நடந்ததை மருமகளிடம் சொல்லவில்லை. அதிசயந்தான். நாகலெட்சுமி அடுப்பு முன்னால் இருந்தாள். பக்கத்தில் துணி மூட்டை கட்டியாகியிருந்தது. அவள் ஒன்றும் குழந்தையில்லையே. பங்களாவில் யார் தலை உருளும் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியாஸ் தொண்டையைச் செருமினார். மனைவியைப் பார்த்தார்.

"அவகிட்ட சொல்லு…"

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் மரியநாயகி. "தையிலேருந்து சொல்லிச் சொல்லி என் வாய் கிழிஞ்சு போச்சு. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, காது இருக்கு. நான் தண்ணிக்குப் போறேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போயே விட்டாள். குடத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. வழியெல்லாம் சிந்திக்கொண்டு போனாள்.

காம்பராவில் இரண்டு பேர். அடுப்பு எரிகிற சத்தம்.

"மூட்டைய அவிழ்த்துரு," என்றார் மத்தியாஸ், சுவரைப் பார்த்து. பிறகு திரும்பி அவளையே பார்த்தார். "நீ போக வேணாம் நாகலெட்சுமி. உன் பேரு வெட்டல. என் பேரத்தான் வெட்டியிருக்கு."

அவள் எழுந்துவிட்டாள். "என்ன சொல்றீங்க? உங்க பேரா? பறிச்சது நானுல்ல?"

"பறிச்சது நீ. கெடுத்தது நான். அப்படித்தான் துரைகிட்டயும் சொன்னேன்." அவர் மேலே பேசத் தெரியாமல் கூரையைப் பார்த்தார். "மாசக் கடைசிக்கு மேல தோட்டத்தில வேல செய்யிறது நீயும் உங்க அத்தையுந்தான். நான் உங்க தயவுல இங்க இருக்கிற ஆளு. என்னைத் துரத்தணும்னா துரத்து."

நாகலெட்சுமிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். சந்தோஷமா, கோபமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. இந்த மனுஷருக்காகப் பாவப்படுவதா, இத்தனை நாளும் தன்னைச் சுவராக்கி வைத்ததற்கு இரண்டு வார்த்தை கேட்பதா?

"நாளைக்கு நானுஓயாவுக்கு நீயும் வரணும்," என்றார் மத்தியாஸ். "புதுத் துரை உன்னைத்தான் பாக்கணுங்கிறாரு. என்ன கேப்பாரோ தெரியல. நீ பயப்படாத, அங்க நான் எடுத்துப் பேசுறேன்."

"வேணாம் மாமா."

நேருக்கு நேர் அவள் 'மாமா' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் விடவில்லை.

"அங்க நான் பேசிக்கிறேன். நீங்க பேசாம நில்லுங்க. அது உங்களுக்கு நல்லா வரும்."